சிவப்புக் கோட்டின் மேல் வெள்ளை

எங்கள் தெருவை அகலப்படுத்தியதால் புனேவுக்கு நன்மை என்று சொல்கிறவர்களோடு நான் பேசுவதை விட்டுவிட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது யாராவது, "டிராஃபிக் கொஞ்சம் கம்மியாயிருக்குல்ல" என்று ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பொது நன்மைக்காக வீட்டை விட்டுக்கொடுத்தவள் என்று போதகர் ஒருமுறை ஜெபத்தில் வேறு சேர்த்துவிட்டார். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டார்கள். அந்த வித்தியாசம் தெரியாதவர்கள் என் வீட்டுக்குக் காபி குடிக்க வர வேண்டாம்.

வீடு ஒன்றும் பங்களா இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, கேம்ப் என்கிற ராணுவப் பகுதியின் எல்லை முடிந்து ஊர் தொடங்குகிற இடத்தில் வாங்கிய நீளவாக்கு வீடு. கேட், படி, முன்னறை, அதற்குப் பின்னால் படுக்கிற அறை, கடைசியில் சமையலறை. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீடு அண்ணன் பேருக்கும் என் பேருக்கும் சரிபாதியாக வந்தது. அண்ணன் ஊரின் கிழக்கு ஓரத்தில், கராடியில் மகனோடு உயரமான அபார்ட்மென்டில் இருக்கிறான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இங்கேயே இருந்துவிட்டேன்.

கேம்பில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தனியார் பள்ளி என்பதால் பென்ஷன் கிடையாது. முன்னறையில் கரும்பலகை மாட்டி, பெஞ்சு போட்டு, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் என் அடுப்பு எரிகிறது. அந்த அறைக்குத் தெருப்பக்கம் கதவு இருப்பது பெரிய சௌகரியம். பிள்ளைகள் என் கட்டிலையும் என் எண்ணெய்ச் சட்டியையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்து படித்துவிட்டுப் போகலாம். முன்னறை இல்லையென்றால் டியூஷன் இல்லை. டியூஷன் இல்லையென்றால் அண்ணன் வீட்டில் அண்ணி பார்த்துப் போடுகிற சோற்றைச் சாப்பிட வேண்டும். இது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும், அண்ணிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது வெளியே டேப் இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் குடை பிடித்த ஒரு அளவுக்காரரும், பெயிண்ட் டப்பாவோடு ஓர் ஆளும் என் படியில் நின்றார்கள். கேட்டைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே வந்திருந்தார்கள். ரோடு அகலமாகப் போகிறது, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக எடுப்போம் என்று அளவுக்காரர் மராத்தியில் சொன்னார். பெயிண்ட் ஆள் என் முன்னறைச் சுவரில், படி சுவரைத் தொடுகிற இடத்தில், ஒரு சிவப்புக் கோடு போட்டு, வெளிப்பக்கம் பார்த்து ஓர் அம்புக்குறியும் வரைந்தான்.

"அப்போ என் ரூம்?" என்று கேட்டேன்.

"ரூமுக்கு ஒண்ணும் ஆகாது, மாவ்ஷி. கேட்டும் படியும்தான் போகும்."

ஊரில் பாதிப் பேருக்கு நான் டீச்சர். அரசாங்க ஆட்கள் வாயில் மட்டும் சித்தி முறை வைத்து மாவ்ஷி ஆகிவிடுகிறேன். உறவு கொண்டாடிக்கொண்டு வந்து வீட்டில் கை வைப்பது ஒரு தனித் திறமை. அன்றைக்கே அந்தக் கோட்டைப் போனில் படம் எடுத்து, "இந்தக் கூத்தைப் பாரு" என்று அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"படிதானட்டி போகுது. போனா போகட்டும். வீட்டு விலை ஏறும் பாத்துக்கோ."

"விக்கிறவனுக்குல்ல விலை. நான் குடியிருக்கேன்."

"எல்லாத்துக்கும் சண்டைக்கு நிக்காத," என்று வைத்துவிட்டான்.

படி போனால் பரவாயில்லை என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். மரப்பலகை போட்டாவது பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளலாம், அறை தப்பித்ததே என்று இருந்தேன். அதற்காகக் கர்த்தருக்கு நன்றிகூடச் சொன்னேன். எவ்வளவு சீக்கிரம் நன்றி சொல்லிவிடுகிறோம் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு மங்கள் கார்யாலய் இருக்கிறது. நம் ஊர்க் கல்யாண மண்டபம்தான். அதன் முதலாளியைத் தெருவே பாவு என்று கூப்பிடும், அண்ணன் என்று அர்த்தம். தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சி பேனரிலும் அவர் முகம் இருக்கும், யார் ஜெயித்தாலும் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். அவருடைய மதிலிலும் அன்றைக்கே சிவப்புக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது, அடடா, இவருக்கும் நமக்கும் ஒரே டேப்தான் என்று எனக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

தீபாவளி முடிந்து, துளசி கல்யாணமும் முடிந்து, மராத்திக்காரர்களுக்கு முகூர்த்தம் தொடங்கியதும் மண்டபத்து வாசலில் வேலை நடந்தது. பழைய மதிலை அவர்களே இடித்தார்கள். ரோட்டுக்குக் கொடுக்கத்தான் இடிக்கிறார்கள் என்று நினைத்தேன். இடித்த இடத்தையும் தாண்டி, ரோட்டின் மேலேயே சரிவாக டைல்ஸ் பதித்து, ஓரத்தில் பூந்தொட்டி வைத்து, இரும்புச் சங்கிலி கட்டினார்கள். மாப்பிள்ளையின் குதிரை வந்து நிற்க இடம் வேண்டுமாம். பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர், "உங்களுக்கு எதுக்கு டீச்சர்" என்று பாலைக் கொதிக்க வைப்பதில் மும்முரமாகிவிட்டார்.

டிசம்பர் வந்தது. எங்கள் ஆட்களுக்கு டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். புதுச் சட்டை இல்லாமல்கூடப் பண்டிகை வரும், அழுக்குச் சுவரோடு வராது. பாட்டுக் குழு வீடு வீடாக வரும்போது சுவர் எப்படி இருந்தது என்று மறுநாள் சபையில் பேசுவார்கள். அப்பா காலத்தில் சுண்ணாம்பு, இப்போது டப்பா பெயிண்ட், அவ்வளவுதான் மாற்றம். வழக்கமாக வரும் பெயிண்டர் ஏணியைச் சாத்திவிட்டு அந்தச் சிவப்புக் கோட்டின் முன்னால் நின்றான். சர்க்கார் கோடு, மேலே அடிக்கலாமா என்று இந்தியில் கேட்டான்.

அடி என்றேன். அளவு எடுத்தவர்கள் அதை ஆபீசில் எழுதி வைத்திருப்பார்கள், சுவரில் போட்டது எனக்குத் தெரிவதற்காக என்றுதான் எந்த மனுஷிக்கும் தோன்றும். அளவை எழுதி வைக்காமல் போகிறவன் டேப்பை எதற்கு எடுத்துக்கொண்டு வர வேண்டும்? பண்டிகை அன்று வீட்டு முகத்தில் அந்தச் சிவப்பு எதற்கு என்றும் இருந்தது. இரண்டு பூச்சில் கோடு மறைந்தது. பாட்டுக் குழு வந்து முன்னறையில் உட்கார்ந்து பாடி, முறுக்கும் கல்கல்லும் தின்று, சுவரைப் பாராட்டிவிட்டுப் போனது.

பொங்கல் கழிந்து அதே அளவுக்காரர் வந்தார். இந்த முறை கூட இன்னொரு அதிகாரியும் வந்திருந்தார். அதிகாரி சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கோடு எங்க, மாவ்ஷி?"

"வெள்ளையடிச்சேன். எங்க பண்டிகை. நீங்கதான் அளவு வச்சிருப்பீங்களே."

"சர்க்கார் அடையாளத்த அழிச்சிருக்கீங்க. இது குத்தம், தெரியுமா?"

"படி ஓரத்துல போட்டீங்க. இவரே ரூமுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரு."

அளவுக்காரர் தரையைப் பார்த்தார். அப்படி ஒன்றும் சொன்ன ஞாபகம் இல்லை என்றார். அதிகாரி, எழுதி வைத்த அளவு எதுவும் கைவசம் இல்லை, டேப்பை எடு என்றார். நடுவைக் கண்டுபிடிக்க ரோட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்தார்கள். எங்கள் பக்கம் ஓரம் பழைய ஓரம்தான். எதிர்ப்பக்கம் ஓரம் என்று அவர்கள் டேப்பை வைத்தது பாவு பதித்த டைல்ஸின் நுனியில், பூந்தொட்டிக்குப் பக்கத்தில்.

நான் ஓடிப்போய் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். இது ரோடு, மண்டபம் அங்கே முடிகிறது, இது தீபாவளிக்கு அப்புறம் பதித்தது என்று மராத்தியிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிக் கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு எந்த மொழியும் ஒழுங்காக வராது. தெருவே பார்த்தது. என்னிடம் படித்த பிள்ளைகளின் அப்பாக்கள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி பார்த்தார்கள். சங்கிலிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்த பாவு, "டீச்சருக்குத் தண்ணி குடுங்கப்பா" என்றார். அந்தத் தண்ணீரை அவர் முகத்திலேயே ஊற்றியிருக்க வேண்டும். இன்றைக்கும் அது ஒரு குறைதான்.

நடு நகர்ந்தது. அது நகர்ந்த அளவுக்கு என் பக்கத்துக் கோடும் வீட்டுக்குள் போனது. பெயிண்ட் ஆள் செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறைக்குள் வந்து, கரும்பலகை மாட்டிய சுவரில், பலகைக்கும் உள்பக்கக் கதவுக்கும் இடையில் புதுக் கோடு போட்டான். அம்புக்குறி தெருவைப் பார்த்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே என் பெஞ்சு, என் பலகை, ஜன்னல், வாசல் எல்லாம் இருந்தது. உள்ளே ஒரு நாற்காலி போடுகிற இடம் மிஞ்சியது.

எனக்கு இருந்த ஒரே பிடி அந்தப் படம். மழைக்காலத்தில் எடுத்தது, பழைய கோடும் படியும் பளிச்சென்று தெரியும். என் பழைய போன் நவம்பரிலேயே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனது. ஆனால் அண்ணனுக்கு அனுப்பியிருந்தேனே. அன்றைக்கே கூப்பிட்டேன்.

"இருக்கும்ட்டி. தேடி அனுப்புதேன்."

அனுப்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருப்பதாக அண்ணி சொன்னாள். ஓய்வு பெற்ற மனிதனுக்கு என்ன மீட்டிங் என்று கேட்டேன். அவள் குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டாள். ஆட்சேபம் சொல்ல ஆபீசில் ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். விசாரணையை அங்கே சுனாவணி என்பார்கள். அதற்கு முந்தின நாள் பஸ் பிடித்து, கராடிக்கு நேரிலேயே போனேன். அண்ணன் வீட்டில் இல்லை. சர்ச் கமிட்டி வேலையாகப் போயிருப்பதாக அண்ணி சொன்னாள். அவன் செருப்பு வாசலில்தான் கிடந்தது.

மறுநாள் அவனைச் சுனாவணியில் பார்த்தேன். எனக்கு முன்பே வந்து, அதிகாரியின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான். துணைக்குத்தான் வந்திருக்கிறான், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் என் மனசு உருகியது.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். முதல் கோடு, டைல்ஸ், இரண்டாம் கோடு. அதிகாரி பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். இந்தச் சொத்தின் இன்னொரு பங்குதாரர் புதிய கோட்டுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார், அப்புறம் என்ன ஆட்சேபம் என்றார். திரும்பி அண்ணனைப் பார்த்தேன்.

"படம் எங்கண்ணே?"

"இருக்கு."

"காட்டு. இப்பவே இவருகிட்ட காட்டு."

"காட்டி என்ன ஆகப்போவுது? இங்க பாரு. எடுக்குத இடத்துக்குப் பணம் தரமாட்டாங்க. அதுக்குப் பதிலா மேல கட்டிக்கிட உரிமை தாராங்க. எவ்வளவு கூட எடுக்காங்களோ அவ்வளவு கூடக் கிடைக்கும். பில்டர் ஒருத்தர் பேசியிருக்காரு. முழுசா இடிச்சிட்டுக் கட்டினா உனக்கு ஒரு பிளாட்டு, எனக்கு ஒரு பிளாட்டு. அந்த இருட்டு வீட்டுல உக்காந்து என்னத்தட்டி காணுத?"

அப்போதுதான் எனக்குக் கணக்கு புரிந்தது. கணக்கு டீச்சருக்கு இவ்வளவு நேரம் ஆனதே வெட்கம். ரோட்டுக்காரர்கள் அதிகமாக எடுக்க எடுக்க அண்ணனுக்கு லாபம். முன்னறை போனால் எனக்குப் பிழைப்பு போகும், பிழைப்பு போனால் நான் பில்டரிடம் தலையாட்டிவிடுவேன். பாவு டைல்ஸ் போட்டது அவருடைய பேராசைக்கு. அண்ணன் படத்தை அமுக்கியது அவனுடைய பேராசைக்கு. நடுவில் நான் வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"அப்பா இருந்தா ஒன்ன அந்த வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டாரு," என்றேன்.

"அப்பா இருந்தா வித்திருப்பாரு," என்றான்.

அதிகாரி, குடும்பச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அது ஒன்றுதான் அந்த ஆபீசில் உடனடியாக வந்த தீர்ப்பு.

வக்கீலைப் பார்த்தேன். ஒரு பங்குதாரர் சம்மதம் உங்களைக் கட்டுப்படுத்தாது, வழக்குப் போடலாம், வலுவான வழக்கு என்று உற்சாகமாகச் சொன்னார். எப்போது முடியும் என்று கேட்டபோது உற்சாகம் குறைந்தது. வழக்கு போட்டேன். அது இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கு உரிமை இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அறையைத்தான் யாரும் விட்டுவைக்கவில்லை.

ஏப்ரல் வெயிலில் ஜேசிபி வந்தது. பெஞ்சுகளையும் பலகையையும் நானே இழுத்துப் படுக்கிற அறையில் அடுக்கினேன். ஜன்னலில் மணிபிளான்ட் இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டேன். முன்னறை விழ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தூசு அடங்கியதும் பார்த்தால், உள்பக்கக் கதவு நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கட்டில் தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தி, "அய்யோ பாவம் டீச்சர்" என்றாள். அவள் மகனுக்கு நான் வருஷக்கணக்கில் பின்னம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பாவம் என்று சொல்லும் வாய் அன்றைக்கு டேப் பிடித்தபோது எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பையன் டியூஷனுக்கு வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யார் பிள்ளையைப் படிக்க வைப்பார்கள்?

மழை தொடங்குமுன் தார் போட்டார்கள். தார் எங்கே வந்து நின்றது தெரியுமா? பழைய படி இருந்த இடத்தில். மழைக்காலத்தில் முதலில் சிவப்புக் கோடு போட்டார்களே, அதே இடத்தில். அதற்கு மேல் ரோட்டுக்கு இடம் தேவைப்படவில்லை. என் முன்னறை இருந்த இடத்தில் ஜல்லியைக் கொட்டிச் சமன் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். நடைபாதை வரும் என்றார்கள், வரவில்லை. முகூர்த்த நாட்களில் எதிர்மண்டபத்து வாட்ச்மேன் கையில் விசிலோடு வந்து கல்யாணக் கார்களை அங்கே வரிசையாக நிறுத்துகிறான். என் கதவைத் திறந்தால் யாரோ ஒருவருடைய நம்பர் பிளேட் தெரிகிறது.

பில்டர் இதுவரை பலமுறை வந்துவிட்டார். இனிப்பு டப்பாவோடு வருவார், அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார். என் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. பாதி வீடு இன்னும் என்னுடையது. நான்கைந்து பிள்ளைகள் மிஞ்சியிருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். மாசக் கடைசியில் கஞ்சி குடிக்கிறேன். குடித்துவிட்டுப் போகிறேன், கையெழுத்து மட்டும் கிடையாது. அண்ணன் அதற்காக என் மேல் வயிறு எரிந்துகொண்டிருக்கிறான் என்று கேள்விப்படும்போது எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. கிறிஸ்தவள் இப்படி எழுதக்கூடாதுதான்.

போன டிசம்பரிலும் வெள்ளையடித்தேன். உள்சுவராக இருந்தது இப்போது வெளிச்சுவர், அதற்கு மட்டும் அடித்தால் போதும், செலவு மிச்சம். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுக் குழு வந்தது. அண்ணனும் அண்ணியும் குழுவோடு வந்திருந்தார்கள். சபைக்கு முன்னால் குடும்பம் ஒன்றாக இருக்கிறது என்று காட்ட வேண்டுமே. உள்ளே உட்கார இடமில்லை. குழு, ஜல்லி மேல், முன்பு கரும்பலகை இருந்த இடத்தில் வரிசையாக நின்றது. நான் ஒரு நாற்காலியை வெளியே கொண்டுவந்து என் பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் விசில் கேட்டது.

வாட்ச்மேன் ஓடிவந்தான். பின்னால் பூ கட்டிய கார் ஒன்று, விளக்கை எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் நகருங்க. இது பார்க்கிங்," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

பாட்டு நின்றது. முதலில் நகர்ந்தது அண்ணன். அண்ணியின் கையைப் பிடித்து, தார் ரோட்டுப் பக்கம் இறங்கி நின்றுகொண்டான். அவன் பின்னால் கிட்டார்க்காரர் நகர்ந்தார், பிறகு மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

"மாவ்ஷி, நீங்களும்," என்றான் வாட்ச்மேன்.

"நான் என் ரூமுல உக்காந்திருக்கேன்," என்று அவனிடம் தமிழிலேயே சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. ரோட்டில் நின்றிருந்த அண்ணனுக்குப் புரிந்தது.

கார் ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த சரணத்தை நானே பாட ஆரம்பித்தேன்.